வீட்டு பீஸ்

அந்தத் தையல் ஆலையில் அவளுக்குப் பேர் கழுத்து. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி. கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆலை அது. லைனில் ஆளுக்கொரு வேலை. ஒருத்தி தோள் மூட்டுவாள், ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி லேபிள் தைப்பாள், கடைசியில் ஒருத்தி பட்டன் அடிப்பாள். இவள் கழுத்துக்குப் பட்டி வைப்பவள். வேலைதான் பேராகிவிட்டது.

"கழுத்து வந்தாச்சு, தலை எங்கே?" என்று தினமும் காலையில் பட்டன் அக்கா கேட்பாள். தலை என்றால் சூப்பர்வைசர். தினமும் அதே கேள்வி, தினமும் அதே சிரிப்பு. அக்காவின் நகைச்சுவை அவ்வளவுதான், அதை வைத்தே பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டாள்.

குழந்தைச் சட்டையில் கழுத்துதான் கஷ்டமான இடம். கைக்குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரிது. பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் தலை நுழையாது. தளர விட்டால் தோளிலிருந்து வழிந்துவிடும். இழுத்தும் இழுக்காமலும் விரலாலேயே ஊசிக்கு ஊட்டிவிட வேண்டும். அந்தப் பக்குவம் லைனில் இவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதனாலேயே இவள் லீவு போட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அந்த லைனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாராவது உண்டாகி வயிறு வெளியே தெரிய ஆரம்பித்தால் 'வீட்டு பீஸ்' ஓடும். வெட்டும் மேசையில் மிஞ்சுகிற துண்டுத்துணியில் ஒரு சட்டையை வெட்டி, வெளிநாடு போகிற சட்டைகளோடு அதையும் லைனில் விட்டுவிடுவார்கள். ஒவ்வொருத்தியும் தன் பங்கைத் தைத்து அடுத்தவளிடம் தள்ளுவாள். கூட்டத்தில் கலந்துவிடாமலிருக்க அதன் ஓரத்தில் சிவப்பு நூலை முடிச்சுப் போட்டு வைப்பார்கள். சிவப்பு நூலைக் கண்டால் சூப்பர்வைசர்கூட ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். கடைசியில் பட்டன் அக்கா பட்டன் அடித்து, மடித்து, தாயாகப் போகிறவளின் மடியில் போடுவாள். கடையில் வாங்குகிற எந்தச் சட்டைக்கும் இல்லாத மதிப்பு அதற்கு. பிரசவத்துக்குள் இப்படி இரண்டு மூன்றாவது ஓடிவிடும்.

இப்போது லைனில் இரண்டு பேர் வயிற்றோடு இருந்தார்கள். லேபிள் தைக்கிற பெண்ணுக்கு ஏழாம் மாதம். கழுத்துக்கு ஐந்து முடிந்து ஆறு பிறந்திருந்தது. லேபிளின் வீட்டு பீஸ் கிளம்பிவிட்டது. முதல் சட்டை வந்தபோது கழுத்தேதான் அதற்குப் பட்டி வைத்தாள், தன் குழந்தைக்கு வைப்பதுபோலப் பார்த்துப் பார்த்து வைத்தாள். அவளுடையது மட்டும் கிளம்பவே இல்லை. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

மதியச் சாப்பாட்டு மேசையில் என்னவோ மூச்சு விடாமல் பேசினார்கள். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் பேராசிரியர்கள்.

"மூத்தவன் வயித்துல இருந்தப்ப எனக்கு சோப்பு வாசனையே ஆகாது. குளிக்க மாட்டேன்னு ஒரே அடம். எங்க வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு" என்பாள் பட்டன் அக்கா.

"எனக்கு ரெட்டை இல்ல? ஒருத்தன் உதைச்சா இன்னொருத்தன் திருப்பி உதைப்பான். உள்ளேயே பஞ்சாயத்து" என்பாள் கை வைக்கிறவள். அவளைக் கைக்காரி என்பார்கள்.

லேபிள் வாயைப் பிளந்து கேட்பாள். எந்தப் பக்கம் படுக்கணும், துணி எவ்வளவு சேர்த்து வைக்கணும், பால் வரலேன்னா என்ன செய்யணும், எல்லாம் கேட்பாள். சின்னப் பெண். வீட்டில் மாமியார் மட்டும்தான், அந்த மாமியாரும் விதி போட மட்டும் வாய் திறக்கிறவள். அதனால் இந்த மேசைதான் அவளுக்குத் தாய்வீடு.

ஒரு நாள் கழுத்தும் தன்னையறியாமல் ஆரம்பித்தாள். "எனக்கு அப்பல்லாம் அஞ்சாம் மாசமே நல்லா அசைய ஆரம்பிச்சுட்டா. ராத்திரியானா..."

"உனக்கு இன்னும் என்னென்ன இருக்கோ, பொறு" என்று பட்டன் அக்கா சட்டென்று குறுக்கே புகுந்தாள். "முதல் தடவைதானே. போகப் போகத் தெரியும்."

முதல் தடவை! மேசையில் இருந்த எல்லாரும் தங்கள் சாப்பாட்டு டப்பாக்களுக்குள் எதையோ தொலைத்துவிட்டவர்கள்போலக் குனிந்துகொண்டார்கள். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த லேபிளைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில், இதே பெஞ்சில் உட்கார்ந்துதான் கழுத்து சொன்னாள். "காலையிலிருந்து அசையவே இல்லக்கா." அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். பட்டன் அக்கா அவள் வயிற்றைத் தட்டி, "தூங்குதுடி. பொம்பளைப் பிள்ளையா இருக்கும், உன்னை மாதிரியே சோம்பேறி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போய் சாயந்திரம் வரை ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் கழுத்து வைத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பு இல்லை என்றார்கள். "நேத்தே வந்திருந்தா?" என்று கேட்டதற்கு, "அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். ஆம் என்றாவது இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் அவளை இன்றுவரை தின்றுகொண்டிருக்கிறது.

பெண்தான். பெற்றுத்தான் எடுத்தாள். மற்றவர்கள் எப்படி வலித்துப் பெற்றார்களோ அப்படியே வலித்துப் பெற்றாள். கையில் வாங்கிப் பார்த்தாள். நகம் இருந்தது, புருவம் இருந்தது. ஆலையிலிருந்து கொண்டுபோன சட்டை எதுவும் அவளிடம் இல்லை. வீட்டு பீஸ் தைத்து முடித்து, மடியில் போட நாள் பார்த்து ஆலை அலமாரியில்தான் கிடந்தது. இருந்திருந்தாலும் அந்த உடம்புக்கு அது பெரிதாகத்தான் இருந்திருக்கும். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றித்தான் அவள் புருஷன் தூக்கிக்கொண்டு போனான்.

உடம்பு தேறி வேலைக்கு வந்த அன்று நேராக அலமாரியைத் திறந்தாள். காலி.

"பார்த்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்" என்றாள் பட்டன் அக்கா. "சிவப்பு நூலை அறுத்துட்டு பேக்கிங்ல சேர்த்துட்டோம். போயிடுச்சு. நீ அதையே நினைச்சுட்டு உட்காரக்கூடாது இல்ல?"

அக்கா கெட்டவள் இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். தன் பிள்ளைக்கென்று இத்தனை பேர் கை பட்ட சட்டையை எந்த நாட்டிலோ யார் பிள்ளையோ போட்டுக்கொண்டு திரியும்படி நல்ல மனசோடு செய்து வைத்தவளிடம் என்னவென்று சொல்ல? கழுத்து போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

புருஷனும் நல்லவன்தான். மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டுகிறவன், அதிர்ந்து பேசமாட்டான். இந்தத் தடவை அவனாகவே வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். "புது இடம், புது டாக்டர். பழசை எதுக்கு இழுக்கணும்? புதுசா ஆரம்பிப்போம்" என்றான். அங்கே நர்ஸ் பேனாவை வைத்துக்கொண்டு, "முதல் பிரசவமா?" என்று கேட்டபோது, இவள் வாயைத் திறப்பதற்குள் அவன் "ஆமா சிஸ்டர், முதல்" என்றுவிட்டான். இவள் வாயை மூடிக்கொண்டாள். பெற்ற பிள்ளையை இல்லையென்று சொல்ல அவனால் முடிந்தது, சரி. கேட்டுக்கொண்டு தன்னால் எப்படிச் சும்மா இருக்க முடிந்தது? வெறும் மனக்குறையாக இருந்தால்கூடப் போகிறதென்று விடலாம். மூத்தவளுக்கு நேர்ந்தது டாக்டருக்குத் தெரியாவிட்டால் இதை எப்படிக் கவனிப்பார்கள்? அன்றிலிருந்து வயிற்றில் அசைவு தெரியும்போதெல்லாம் மகிழ்ச்சிக்கு முன்னால் பயம்தான் வந்தது. வீட்டில் இரண்டு முறை பேச்செடுத்தாள். இரண்டு முறையும் அவன் எழுந்து வண்டி துடைக்கப் போய்விட்டான். இப்போது அந்த வண்டியைப் போலச் சுத்தமான வண்டி அந்தத் தெருவிலேயே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் லேபிள் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பசிக்கலையா?" என்றாள் கைக்காரி.

"இல்லக்கா, நேத்து சாயந்திரத்திலிருந்து உள்ளே ஒண்ணும் தெரியல. எப்பவும் இந்நேரத்துக்கு உதைக்கும்."

பட்டன் அக்கா கையை நீட்டி அவள் வயிற்றைத் தட்டினாள். "தூங்குதுடி. இனிப்பா ஏதாவது குடி, துள்ளி எழுந்துக்கும்."

அதே கை. அதே வார்த்தை. கழுத்துக்கு உச்சந்தலையில் யாரோ வெந்நீரை ஊற்றியதுபோல இருந்தது.

"எழுந்திரு" என்றாள் லேபிளிடம். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

"ஏய், சின்னப் பொண்ணை எதுக்கு பயமுறுத்துற?" என்றாள் அக்கா.

"நீங்க பேசாதீங்க அக்கா. என்கிட்டயும் இதேதான் சொன்னீங்க. தூங்குதுன்னு சொன்னீங்க. என் பொண்ணு தூங்கல, செத்துக்கிட்டிருந்தா!"

லேபிளின் கண்கள் விரிந்தன. "உங்களுக்கு இது முதல்னு..." என்று இழுத்தாள்.

"முதல் இல்ல. ரெண்டாவது. மூத்தவ ஏழாம் மாசம் போயிட்டா. நாள் முழுக்க அசையலன்னு சொல்லிட்டு இங்க உட்கார்ந்து கழுத்து வச்சுட்டிருந்தேன். நீயும் அப்படி உட்காராத. போ!"

"வாயைக் கழுவுடி!" என்று பட்டன் அக்கா எழுந்தே விட்டாள். "வயித்துப்பிள்ளைக்காரி முன்னால என்ன பேச்சு பேசுற? உனக்கு நடந்தா எல்லாருக்கும் நடக்கணுமா?"

அந்தக் கடைசி வார்த்தை கழுத்தின் நெஞ்சில் நேராகப் போய்த் தைத்தது. ஆனாலும் அவள் விடவில்லை. லேபிளின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள். சூப்பர்வைசரிடம் அவளே லீவு கேட்டாள். அவர் தயங்கியதும், "அப்ப நானும் கிளம்புறேன், கழுத்தை நீங்களே வச்சுக்குங்க" என்றாள். லேபிள் அழுதுகொண்டே வண்டி ஏறினாள்.

மறுநாள் லேபிள் வந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. கருவியை வைத்ததும் குதிரை ஓடுகிற மாதிரி இதயச்சத்தம் கேட்டதாம். லைனே கைதட்டியது. "நான்தான் சொன்னேனே, தூங்குதுன்னு" என்று பட்டன் அக்கா லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். கழுத்து கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அந்தச் சந்தோஷத்தில் கலப்படம் இல்லை. ஒன்றுமில்லை என்று கேட்பதற்காகத்தான் அனுப்பினாள்.

வெளியே வந்து பார்த்தால், லேபிள் தன் மெஷினை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமியார் சொன்னாங்க அக்கா" என்றாள், இவள் முகத்தைப் பார்க்காமல். "பிரசவம் ஆகிறவரைக்கும் உங்க பக்கத்துல உட்கார வேண்டாம்னு. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு? காத்தோட்டமா இருக்கும், போ" என்றாள் கழுத்து.

மதிய மேசையிலும் இவளைச் சுற்றி இடம் விழுந்தது. இவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு துணிவிலை, மழை, சூப்பர்வைசரின் புதுச் செருப்பு என்று திசைமாறிவிடும். லேபிளுக்கு அடுத்த வீட்டு பீஸ் லைனில் வந்தபோது சிவப்பு நூலைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். தோளிலிருந்து தன் மேசைக்கு வர வேண்டியது. வரவில்லை. கைக்காரி எட்டி வாங்கிக்கொண்டு, கழுத்தையும் தானே வைத்துவிட்டுத் தள்ளினாள்.

அன்று கடைசி மணி அடித்து எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிப் போனதும், கழுத்து பட்டன் மேசைக்குப் போய் அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்தாள். எதிர்பார்த்தபடியே பட்டியை இழுத்துப் பிடித்து வைத்திருந்தாள் கைக்காரி. இரண்டு விரல்கூட நுழையவில்லை. போட்டால் குழந்தை மூச்சுமுட்டிக் கத்தும்.

கத்தட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். என் கை பட்டால் தோஷம் என்றால் பட்டுத் தெரியட்டும். கீழே வைத்துவிட்டு நாலடி நடந்தாள். பிறகு திரும்பி வந்து, பட்டன் அக்காவிலிருந்து லேபிளின் மாமியார் வரை ஒருத்தரையும் விடாமல் கரித்துக்கொட்டிக்கொண்டே தையலைப் பிரித்தாள். புதுப்பட்டி வைத்து, விரலால் ஊட்டித் தைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிஞ்சுத் தலை என்ன பாவம் பண்ணியது?

மெஷினில் பட்டித்துணி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெட்டும் மேசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆலையில் இருக்கிற எந்த அட்டை அளவும் அவளுக்கு உதவாது. அவ்வளவு சின்ன அளவை எந்த நாட்டுக் கடையும் கேட்பதில்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே துணியை வைத்து, ஞாபகத்தை வைத்தே வெட்டினாள். தோளை அவளே மூட்டினாள், கையை அவளே வைத்தாள். கழுத்துக்கு வந்தபோது மட்டும் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு தைத்தாள். ஓரத்தில் சிவப்பு நூலை முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் மதியம் அதைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் பட்டன் அக்கா முன்னால் வைத்தாள்.

அக்கா விரித்துப் பார்த்தாள். "என்னடி இது, பொம்மைக்குத் தைச்சிருக்க? எந்தக் குழந்தைக்கு இது பத்தும்?"

"மூத்தவளுக்கு. அவ அளவு அதுதான். நீங்க பேக்கிங்ல போட்டது பெருசு."

அக்காவின் கை அப்படியே நின்றது.

"பட்டன் மட்டும் பாக்கி" என்றாள் கழுத்து. "நீங்கதான் அடிக்கணும். வீட்டு பீஸுக்கு எப்பவும் நீங்கதானே?"

பட்டன் அக்கா சட்டையை மெதுவாக மடித்து, மேசையின் இந்தப் பக்கம் தள்ளினாள். "வயித்துல ஒண்ணை வச்சுக்கிட்டு இதெல்லாம் வேணாம்டி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன செய்ய? பட்டன் விழவில்லை. கழுத்து சட்டையை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரி முறை வந்தது. புருஷன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். போன தடவை இருந்த நர்ஸ் இல்லை, வேறொருத்தி. அட்டையைப் புரட்டினாள். "முதல் பிரசவம், இல்லையாம்மா?"

அவன் வாயைத் திறந்தான். கழுத்து அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"ரெண்டாவது சிஸ்டர். இதுல தப்பா எழுதியிருக்கு."

"அப்படியா?" நர்ஸ் அடித்துத் திருத்தினாள். எழுதிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டாள். "மூத்தது எவ்வளவு பெரிசு இப்போ?"

கழுத்து தன் பையைத் திறந்து சட்டையை எடுத்து, மேசைமேல் அட்டைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"இவ்வளவுதான் சிஸ்டர்" என்றாள்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு, "இருங்கம்மா, டாக்டரைக் கூப்பிடுறேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.

புருஷன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி அதை எடுத்தான். என்ன செய்வதென்று தெரியாதவன்போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இடது முன்கையின்மேல் நீளவாக்கில் போட்டு, கழுத்துப் பக்கத்தை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தான். அன்றைக்கு அப்படித்தான் மூத்தவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். இவளுக்கு அது இப்போதுதான் தெரிகிறது. அளவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"பட்டன் வைக்கலையா?" என்றான்.

"வைக்க மாட்டேன்னுட்டாங்க" என்றாள் அவள்.